புகையிலைக்குத் தழைச்சத்து: மூட்டையா, பாட்டிலா, சொட்டுநீரா?

சிங்கப்பூரில் புகையிலை விளைவதில்லை. ஆனாலும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் புகையிலை உரம் பற்றிய பேச்சு அவ்வப்போது வரத்தான் செய்கிறது. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர்ப் பக்கமோ வேதாரண்யம் கடற்கரையோரமோ நிலம் வைத்திருக்கும் வீடுகளின் உரச்செலவுக்குப் பணம் பல சமயம் இங்கிருந்துதான் போகிறது. யாழ்ப்பாணத்தில் உறவு உள்ளவர்களுக்கும் இதே கதைதான். “அரை லிட்டர் நானோ யூரியா பாட்டில் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமமாம் சித்தப்பா, வாங்கிடவா?” என்று ஒரு செய்தி. “சொட்டுநீரில் விட்டால் பாதி உரம் போதுமாம், குழாய்க்கு எவ்வளவு அனுப்புவீர்கள்?” என்று அடுத்த செய்தி.

இரண்டுக்கும் ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. நெல்லுக்கு ஒத்துவரும் முறை புகையிலைக்கு அப்படியே ஒத்துவராது. நெல்லில் எவ்வளவு போட்டால் எவ்வளவு விளையும் என்று கணக்குப் பார்க்கிறோம். புகையிலையில் அதோடு இன்னொரு கணக்கும் சேர்கிறது: போட்ட சத்து எந்த வாரத்தில் தீர வேண்டும்? இதை விட்டுவிட்டு முறைகளை ஒப்பிட்டால் ஒப்பீடு தப்பாகவே முடியும்.

## இந்தப் பயிர் ஏன் வேறு

உரக்கடையில் தழைச்சத்து என்பது நைட்ரஜன். பச்சையத்துக்கும் புரதத்துக்கும் அதுதான் அடிப்படை. குறைந்தால் அடியிலை வெளுத்து மஞ்சளாகும். கூடினால் இலை கரும்பச்சையாகத் தழைத்துக்கொண்டே போகும். கீரைக்கு அது நல்லது. புகையிலையில் இலை தழைத்தால் மட்டும் போதாது, முற்ற வேண்டும். முற்றுவதற்கு நைட்ரஜன் வரத்து குறைய வேண்டும்.

சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா வகையை எடுத்துக்கொள்ளலாம். பறித்த இலையை மூடிய கொட்டகையில் சூடான காற்றில் பதப்படுத்துவார்கள். செடி பூக்கத் தொடங்கும் சமயத்தில் மண்ணில் நைட்ரஜன் ஏறக்குறையத் தீர்ந்திருந்தால் இலை கீழிருந்து ஒழுங்காக மஞ்சளாகி, மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, நல்ல நிறத்தில் காயும். தீராமல் இருந்தால் இலை முற்றுவது தள்ளிப்போகும், தடிக்கும், காய்ந்த பின் கருத்துப்போகும், சர்க்கரை குறையும், நிக்கோடின் ஏறும். எடை கூடியிருக்கும், விலை விழுந்திருக்கும்.

நிக்கோடின் ஏறுவதற்குக் காரணமும் நைட்ரஜன்தான். நிக்கோடின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. எடையில் பார்த்தால் ஏறக்குறைய 17 விழுக்காடு. அது இலையில் உருவாவதில்லை, வேரில் உருவாகி மேலே ஏறுகிறது. பூங்கொத்தைக் கிள்ளிவிட்டதும் செடியின் பலம் விதைக்குப் போகாமல் வேருக்கும் இலைக்கும் திரும்பும். அந்த நேரம் மண்ணில் நைட்ரேட் மிச்சம் இருந்தால் நிக்கோடின் உற்பத்திக்கு அது நேரடித் தீனி.

அளவும் வகைக்கு வகை மாறுகிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் வர்ஜீனியா வகைக்குப் பரிந்துரைக்கும் நைட்ரஜன் ஏக்கருக்கு 50 முதல் 80 பவுண்டு, அதாவது 23 முதல் 36 கிலோ. நிழலில் காற்றில் உலர்த்தும் பர்லி வகைக்கு கென்டக்கியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆகவே ‘புகையிலைக்கு இவ்வளவு யூரியா’ என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், எந்தப் புகையிலைக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

## மண்ணில் விழுந்த உரம் எங்கே போகிறது

யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். இந்தியாவில் ஒரு மூட்டை 45 கிலோ, ஆக மூட்டைக்கு 20.7 கிலோ நைட்ரஜன். இதில் எவ்வளவு செடிக்குள் போகிறது என்பதை இடும் முறைதான் பெரும்பாலும் முடிவுசெய்கிறது. வெளியேறும் வழிகள் மூன்று.

1. காற்றில் போவது. யூரியா ஈர மண்ணில் பட்டதும் யூரியேஸ் என்ற நொதி அதை உடைத்து அம்மோனியமாக்கும். குருணையைச் சுற்றிக் காரத்தன்மை ஏறும், அம்மோனியா வாயுவாகக் கிளம்பும். வெயில், காற்று, காரமண், மேலோட்டமான ஈரம் நான்கும் சேர்ந்தால் சில நாள்களிலேயே நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடலாம். ஐந்து சென்டிமீட்டர் மண்ணால் மூடினாலே இந்த இழப்பு பெருமளவு அடங்கும்.

2. தண்ணீரோடு இறங்குவது. அம்மோனியத்தை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் சில வாரங்களில் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அம்மோனியம் நேர்மின் ஏற்றம் உள்ளது, களிமண் துகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட் எதிர்மின் ஏற்றம் உள்ளது, பிடிப்பார் இல்லாமல் தண்ணீர் போகும் பக்கம் எல்லாம் போகும். வேதாரண்யம் போன்ற மணற்பாங்கில் ஒரு நல்ல மழை போதும். இங்கே வீவக பேட்டைகளின் சமூகத் தோட்டங்களில் வெண்டையும் கத்தரியும் வைப்பவர்களும் இதைத் தினமும் பார்க்கிறார்கள். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் ஊரில் தொட்டியில் போட்ட உரம் அடித்துளை வழியாகவே வடிந்துவிடுகிறது.

3. தண்ணீர் தேங்கி வாயுவாவது. காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வெளியே விடும். அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 273 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு அது.

வேப்பெண்ணெய் பூசிய யூரியா இதில் எதைத் தடுக்கிறது என்பதில் நிறையக் குழப்பம். 2015 முதல் இந்தியாவில் விற்கும் மானிய யூரியா பெரும்பாலும் வேம்பு பூசியதுதான். அது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் வேகத்தைக் குறைக்கிறது. அதாவது இரண்டாவது, மூன்றாவது வழிகளை ஓரளவு அடைக்கிறது. காற்றில் போகும் முதல் வழிக்கு அது மருந்தல்ல. ‘வேம்பு பூசியதுதானே’ என்று மண் மேலேயே விசிறிவிட்டுப் போனால் அம்மோனியா கிளம்பத்தான் செய்யும்.

## எந்த உரம் என்பதும் முறையில் சேரும்

புகையிலை நைட்ரேட்டை விரும்பி எடுக்கும் பயிர். முழுவதும் அம்மோனியமாகக் கொடுத்தால், குறிப்பாகக் குளிர்ந்த மண்ணில், செடி தடுமாறும். வர்ஜீனியா வகை விளையும் இடங்களில் நைட்ரஜனில் ஒரு பகுதியாவது நைட்ரேட்டாக இருக்கட்டும் என்று சொல்வது அதனால்தான். கால்சியம் அம்மோனியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் ஆகியவற்றுக்கு அங்கே மதிப்பு அதிகம். நைட்ரேட் உடனே வேலை செய்யும், சீக்கிரம் தீரும். இந்தப் பயிருக்கு வேண்டிய குணமும் அதுதான்.

கண்ணை மூடிக்கொண்டு தவிர்க்க வேண்டியது குளோரைடு. அம்மோனியம் குளோரைடு வேண்டாம். சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் வாங்கும்போது மூரியேட் (அதுவும் குளோரைடுதான்) வேண்டாம், சல்பேட் வாங்க வேண்டும். குளோரைடு ஏறிய இலை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு நைந்துபோகும், சரியாக எரியாது. கிணறு உப்பாக இருந்தால் தண்ணீரோடு ஏற்கெனவே குளோரைடு வந்துகொண்டிருக்கும், அதன் மேல் மூட்டையிலும் சேர்ப்பது அநியாயம்.

## முறைகளை ஒப்பிட்டால்

கணக்கு புரிய ஓர் எடுத்துக்காட்டு. ஏக்கருக்கு 6,500 செடி, இரண்டு மூட்டை யூரியா என்று வைத்துக்கொள்வோம். பரிந்துரை அல்ல, எண்ணைப் பார்க்க மட்டும். 90 கிலோ யூரியாவில் 41.4 கிலோ நைட்ரஜன். செடி ஒன்றுக்கு யூரியாவாகப் பார்த்தால் சுமார் 14 கிராம். மூன்று தவணையாகப் பிரித்தால் ஒரு தவணைக்கு ஐந்து கிராமுக்கும் குறைவு, ஒரு தேக்கரண்டி.

1. விசிறுதல். நிலம் முழுக்கக் கையால் தூவுவது. ஓர் ஆள், அரைமணி, வேலை முடிந்தது. ஆனால் செடிகளுக்கு இடையே முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் இடைவெளி விடும் பயிர் இது. நட்ட முதல் மாதத்தில் வேர் அந்த இடைவெளியில் பாதியைக்கூடத் தொட்டிருக்காது. தூவியதில் பெரும்பங்கு களைக்குப் போகும், மீதி மேற்பரப்பில் கிடந்து காற்றில் போகும். இன்னொரு கெடுதல் கண்ணில் படாதது. வேர் பின்னால் பரவும்போது, அந்த இடைவெளியில் மிச்சமிருந்த நைட்ரஜன் செடிக்குக் கிடைக்கும், அதுவும் கிடைக்கக் கூடாத வாரத்தில். இவ்வளவு தெரிந்தும் ஏன் விசிறுகிறார்கள்? விலையைப் பாருங்கள். மானிய விலையில் ஒரு மூட்டை 266 ரூபாய் 50 காசு, நம் கணக்கில் நாலு வெள்ளி, காப்பிக்கடையில் இரண்டு மூன்று தே தாரேக் விலை. 2022-ல் உலகச் சந்தையில் யூரியா டன்னுக்கு 900 அமெரிக்க டாலரைத் தாண்டியபோதும் விவசாயி கொடுத்த விலை அதேதான், மிச்சத்தை அரசு கட்டியது. உரம் மலிவு, ஆள் கூலி ஏற்றம். விசிறுவது சோம்பேறித்தனம் என்று இங்கே உட்கார்ந்து சொல்வது எளிது.

2. பக்கத்தில் குழி எடுத்தோ சால் இழுத்தோ இட்டு மூடுதல். செடியிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளி, வேருக்குச் சற்றுக் கீழே போகும் ஆழத்தில் வைத்து மண்ணால் மூடுவது. காற்றில் போவது அடங்கும், களைக்குத் தீனி இல்லை, சிறிய வேருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் சத்து. வட கரோலினாவில் செடிவரிசையின் இரு பக்கமும் பட்டையாக இயந்திரம் இட்டுவிடும். நம் ஊரில் ஆள்தான் குழி போட வேண்டும். செடிக்கு இரண்டு குழி என்றால் ஏக்கருக்கு 13,000 குழி. இதைக் கேட்டாலே ஆள் வர மறுப்பார்கள். வரிசை நேராக இருந்தால் மாட்டேரோ சிறிய டிராக்டரோ கொண்டு பக்கத்தில் சால் இழுத்து, உரத்தைப் போட்டு, மண் அணைக்கும்போதே மூடுவது நடுத்தரமான வழி. தூரம் மட்டும் முக்கியம். தண்டை ஒட்டிப் போட்டால் உப்புச் செறிவில் வேர் கருகும். வறட்சியில் இது இன்னும் மோசம். நட்ட பத்தாம் நாள் இலை ஓரம் காய்ந்து நாற்று சாய்ந்து கிடந்தால் நோய் என்று மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன், உரம் தண்டை ஒட்டி விழுந்ததா என்று வேரடி மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும்.

3. பிரித்து இடுதல். இது தனி முறையல்ல, மேலே சொன்ன இரண்டோடும் சேரக்கூடியது. நடவில் ஒரு பங்கு, மூன்று வாரத்துக்குள் அடுத்தது என்று பிரித்தால், இடையில் பெருமழை வந்தாலும் இழப்பது ஒரு தவணையைத்தான். மணல் நிலத்துக்கு இது கட்டாயம். வர்ஜீனியா வகைக்குக் கடைசித் தவணை நட்ட ஒரு மாதத்தைத் தாண்டிப் போனால் ஆபத்து ஆரம்பம். பிரிப்பது நல்லது என்று கேள்விப்பட்டு நான்காவது, ஐந்தாவது தவணை வரை இழுப்பவர்கள் உண்டு. அது நெல்லில் கற்றது, இங்கே எதிராகத் திரும்பும்.

4. சொட்டுநீரோடு விடுதல். யூரியாவைத் தண்ணீரில் கரைத்து, வென்சுரி என்ற உறிஞ்சு குழாய் வழியாகப் பாசன நீரில் சேர்ப்பது. கரைக்கும்போது வாளிக்குள் கைவிட்டால் தண்ணீர் ஐஸ் போலக் குளிர்ந்திருக்கும். யூரியா கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் அப்படி. குளிர்ந்த நீரில் மெதுவாகத்தான் கரையும், அவசரப்பட்டு விட்டால் அடியில் குருணை தங்கும்.

இந்த முறையின் பெருமையை ‘உரம் மிச்சம்’ என்று மட்டும் சொல்வது குறைத்துச் சொல்வது. வாரத்துக்கு வாரம் செடி கேட்கும் அளவைத் தர முடிகிறது. அதைவிட முக்கியம், வேண்டாத வாரத்தில் குழாயை மூடிவிட முடிகிறது. மூட்டையாகப் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, சொட்டில் விடாததை விடாமலே இருக்கலாம். புகையிலைக்கு வேண்டிய ‘தீர்ந்துபோகும் நாள்’ விவசாயியின் கைக்கு வருவது இந்த முறையில்தான்.

தொல்லைகளும் உண்டு. கால்சியம் நைட்ரேட்டையும் சல்பேட் அல்லது பாஸ்பேட் உரத்தையும் ஒரே தொட்டியில் கரைத்தால் சுண்ணாம்புபோல வெண்படிவு இறங்கிச் சொட்டுவாயை அடைத்துவிடும், தனித்தனி நாளில் விட வேண்டும். உரம் விட்ட பிறகு கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர் ஓட்டிக் குழாயைக் கழுவ வேண்டும். ஆனால் கழுவுகிறேன் என்று மணிக்கணக்கில் ஓட்டினால் கரைந்த யூரியா வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். அப்புறம் மின்சாரம். எப்போது வருமென்று தெரியாத மின்சாரத்தில் அளந்து விடுவது ஏட்டுச் சுரைக்காய்தான். குழாய் போட்டுக் கொடுத்துவிட்டு, வென்சுரியை யார் கவனிப்பது என்று பேசி வைக்காத வீடுகளில், ஓராண்டு கழித்துக் குழாய் சுருட்டி மூலையில் கிடக்கும்.

5. இலையில் தெளித்தல். ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 2 விழுக்காடு யூரியாக் கரைசல் என்றால் 4 கிலோ யூரியா, அதாவது 1.84 கிலோ நைட்ரஜன். அவசரத்துக்கு ஒரு கைகொடுப்பு, அவ்வளவுதான். அடர்த்தி கூடினால் இலை ஓரம் கருகும், விற்பதே இலைதான் என்பதால் அந்தக் கருகல் நேராக விலையில் விழும்.

பாட்டில் விஷயம் இங்கேதான் வருகிறது. 2021-ல் இஃப்கோ என்ற இந்திய உரக் கூட்டுறவு நிறுவனம் அறிமுகப்படுத்திய நானோ யூரியா, 500 மில்லி பாட்டிலில் 4 விழுக்காடு நைட்ரஜன் கொண்டது. பெருக்கிப் பார்த்தால் 20 கிராம். மூட்டையில் 20.7 கிலோ. ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். 6,500 செடிக்குப் பங்கிட்டால் செடி ஒன்றுக்கு 3 மில்லிகிராம். துகள் மிக நுண்ணியது, இலைத்துளை வழியாக உள்ளே போகும், வீணாகாது என்பது தயாரிப்பாளர் தரப்பு வாதம். ஒரு துளிகூட வீணாகவில்லை என்றே ஒப்புக்கொள்வோம். அப்போதும் உள்ளே போனது 20 கிராம்தான். உலர்ந்த இலை ஒரு டன்னில், வகையைப் பொறுத்து, 15 முதல் 40 கிலோ வரை நைட்ரஜன் இருக்கிறது. அது எங்கிருந்தோ வந்தாக வேண்டும். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் நெல்லிலும் கோதுமையிலும் சோதித்தபோது, யூரியாவின் ஒரு பகுதியை நிறுத்திவிட்டு நானோ தெளித்த வயல்களில் விளைச்சலும் தானியத்தின் புரதமும் குறைந்தன. பின்னால் அடர்த்தி கூட்டி வந்த ‘பிளஸ்’ வகையிலும் பாட்டிலுக்கு நூறு கிராம் அளவில்தான் நைட்ரஜன். மூட்டைக்குப் பதில் பாட்டில் என்பது கணக்கில் நிற்காது.

6. தொழு உரம், பிண்ணாக்கு, ஆட்டுக்கிடை. மக்கிய தொழு உரத்தில் நைட்ரஜன் அரை விழுக்காடு அளவில் இருக்கும். பத்து டன் அடித்தால் 50 கிலோ. ஆனால் அதில் சிறுபங்குதான் முதல் பருவத்தில் வெளிவரும், அதுவும் மண்ணின் சூட்டையும் ஈரத்தையும் பொறுத்து. மண்ணை இளக்க, ஈரம் காக்க இதற்கு ஈடில்லை. நேரக் கட்டுப்பாடு மட்டும் கிடையாது. வர்ஜீனியா வகைக்கு, முற்றும் வாரத்தில் மழை பெய்து, தொழு உரம் திடீரென்று நைட்ரேட்டை விட்டால் இலை மீண்டும் பச்சையாகும். காட்டம் வேண்டிய மெல்லும் புகையிலைக்கு அந்தக் கவலை குறைவு, கிடை போட்ட நிலம் அதற்கு நன்றாகவே கொடுக்கும்.

மூட்டை உரத்தை நம்பாமல் பயிர்செய்த உலகப் புகழ்பெற்ற இடம் ஒன்று நமக்கு எதிர்க்கரையிலேயே இருக்கிறது. சுமத்ராவில் மேடானைச் சுற்றியுள்ள டெலி. 1863-ல் நியன்ஹாய்ஸ் என்ற டச்சுக்காரர் அங்கே தொடங்கிய புகையிலைத் தோட்டங்கள், சுருட்டின் மேலுறைக்கான மெல்லிய இலைக்குப் பேர்போனவை. காட்டை அழித்து ஒரு பருவம் பயிர்செய்துவிட்டு, அந்த நிலத்தை ஏழெட்டு ஆண்டு சும்மா போட்டுவிடுவார்கள். மறுபடி வளர்ந்த புதரும் மரமும் சேர்த்து வைத்ததுதான் அடுத்த பயிருக்குத் தழைச்சத்து. மாட்டுவண்டி ஓட்டவும் சாலை போடவும் போன தமிழ்த் தொழிலாளர்களின் வம்சம் இன்றும் மேடானில் இருக்கிறது. எட்டில் ஒரு பங்கு நிலத்தில் மட்டும் பயிர்செய்யும் வசதி வேடசந்தூரில் யாருக்கு இருக்கிறது!

## மழைக்குப் பின் இலை மஞ்சளானால்

நான்கு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் இலை வெளுத்துத் தொங்குகிறது. ஊரிலிருந்து படம் வருகிறது. எல்லாரும் சொல்வது ஒன்றே: “சத்து அடித்துக்கொண்டு போய்விட்டது, யூரியா போடு.” புகையிலையில் அதிக நஷ்டம் வருவது இந்த ஒரு முடிவால்தான் என்பேன்.

மஞ்சளுக்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் படத்தில் ஒரே மாதிரி தெரியும்.

1. நைட்ரேட் உண்மையிலேயே வேருக்குக் கீழே இறங்கியிருக்கலாம். மணல் ஆழமாக இருக்கும் நிலத்தில், மழை வேகமாக மண்ணுக்குள் இறங்கியிருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம்.

2. வேர் மூச்சுத் திணறியிருக்கலாம். தண்ணீர் தேங்கி, வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல், மண்ணில் சத்து இருந்தும் எடுக்க முடியாத நிலை. புகையிலை வேர் இதைத் துளியும் தாங்காது.

இரண்டாவது காரணமாக இருக்கும்போது யூரியா போட்டால் என்ன நடக்கும்? வேர் எடுக்காது. ஒரு வாரம் கழித்து வெயில் வந்து புதுவேர் விட்டதும், பழைய சத்தும் புதுச் சத்தும் சேர்ந்து கிடைக்கும். செடி திடீரென்று கரும்பச்சையாகும், முற்றுவது தள்ளிப்போகும். பார்ப்பதற்குப் ‘பிழைத்துக்கொண்டது’ போலத் தெரிவதால் அடுத்த முறையும் இதையே செய்வார்கள்.

வட கரோலினாவில் இதற்கென்று அட்டவணையே வைத்திருக்கிறார்கள். நட்டு எத்தனை வாரம், மேல்மணல் எவ்வளவு ஆழம், எவ்வளவு நீர் மண்ணுக்குள் இறங்கியது என்ற மூன்றையும் வைத்து, போட்டதில் எத்தனை பங்கைத் திருப்பிப் போடலாம் என்று பார்ப்பார்கள். நட்டு வாரம் ஆக ஆகத் திருப்பிப் போடும் பங்கு குறையும், ஏனென்றால் அதற்குள் செடி தன் பங்கை எடுத்திருக்கும். அட்டவணை இல்லாத இடத்தில் மண்வெட்டி போதும். தண்ணீர் வடிந்ததும் இரண்டு செடியின் பக்கத்தில் தோண்டி வேர் நுனியைப் பார்க்க வேண்டும். பழுப்பாக வழுவழுத்தால் மூச்சுத் திணறல், வடிகாலை வெட்டிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். வேர் வெள்ளையாகத் திடமாக இருந்து, அடியிலைதான் முதலில் வெளுக்கிறது என்றால் சத்து இறங்கியது உண்மை.

## கிணற்றுக்கும் இலைக்கும் என்ன ஆகிறது

செடி எடுக்காத நைட்ரேட் கடைசியில் போய்ச் சேருவது நிலத்தடி நீரில். யாழ்ப்பாணக் குடாநாடு இதற்குக் கண்கண்ட சாட்சி. கீழே சுண்ணாம்புக்கல், மேலே ஆழம் குறைந்த செம்மண், குடிக்கவும் இறைக்கவும் அதே கிணறு. வெங்காயம், மிளகாய், புகையிலை என்று உரம் நிறையக் கேட்கும் பயிர்கள். வலிகாமம் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல முறை காட்டியிருக்கின்றன. மலக்குழிக் கசிவுக்கும் அதில் பங்குண்டு. அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை இழக்கும் ஆபத்து இருக்கிறது.

இலையிலும் மிச்சம் தங்குகிறது. நைட்ரேட் மிகுந்த இலையைக் காற்றில் உலர்த்தும்போது, நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். அது நிக்கோடினோடும் அதன் உறவுச் சேர்மங்களோடும் வினைபுரிந்து நைட்ரோசமின்கள் உருவாகும். அவற்றில் என்என்என், என்என்கே என்ற இரண்டையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வைத்திருக்கிறது. உரம் கூடக்கூட இவை உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. உரத்தைக் குறைத்தால் புகையிலை பாதுகாப்பானதாகிவிடும் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. எந்த முறையில் உரம் இட்டாலும் புகையிலை புற்றுநோய்ப் பொருள்தான். சிங்கப்பூருக்குள் மெல்லும் புகையிலையைக் கொண்டுவருவதே சட்டவிரோதம். ஊர்ப் பயணம் முடிந்து திரும்பும்போது ‘நம்ம தோட்டத்துச் சரக்கு’ என்று ஒரு பொட்டலத்தைப் பையில் வைப்பவர்கள் சாங்கி விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

## பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

1. எந்த வகை, எந்த மண்? வர்ஜீனியா வகையென்றால் குறைந்த அளவு, சீக்கிரம் முடிக்கும் முறை. மெல்லும் வகையென்றால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சுருட்டின் மேலுறைக்கு இலை மெல்லியதாக வேண்டும். வேடசந்தூரில், முன்பு மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் கொண்டிருந்த நிறுவனத்தின் நிலையம் நெடுங்காலமாக இருக்கிறது, உள்ளூர் மண்ணுக்கான அளவை அங்கே கேட்பது உரக்கடையில் கேட்பதைவிட மேல்.

2. சொட்டுநீர் ஏற்கெனவே இருக்கிறதா? இருந்தால் உரத்தை அதில் விடுவதைவிட நல்ல முறை கிடையாது. வென்சுரி, வடிகட்டி, கரையும் உரம் ஆகியவற்றுக்குப் பணம் அனுப்பலாம். கடைசித் தவணை தேதியை நாற்று நட்ட அன்றே நாள்காட்டியில் குறித்துவிடச் சொல்லுங்கள்.

3. இல்லையென்றால், இந்த ஒரு பயிருக்காகக் குழாய் போடுவது என் பார்வையில் வீண். சால் இழுத்துப் பக்கத்தில் இட்டு மூடும் கூலிக்கு அனுப்பினால் அதே பருவத்தில் பலன் தெரியும். மிளகாய், தக்காளி என்று சுழற்சிப் பயிரும் அந்த நிலத்தில் உண்டு, அரசு மானியமும் கிடைக்கும் என்றால் குழாய்க் கணக்கை மறுபடி பார்க்கலாம்.

4. பாட்டில் கேட்டால்? வாங்கட்டும், தெளிக்கட்டும், ஆனால் அதை நம்பி மூட்டையைக் குறைக்க வேண்டாம்.

5. கிணற்றுத் தண்ணீரை எப்போது சோதித்தார்கள்? குளோரைடும் நைட்ரேட்டும் எவ்வளவு என்று தெரிந்தால் உரப் பட்டியலே மாறும். பாசன நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம் இருந்தால் அதில் நைட்ரஜன் சுமார் 11 மில்லிகிராம். பருவம் முழுக்க ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர் இறைத்தால் 22 கிலோ, ஒரு மூட்டை யூரியாவுக்கு மேல், காசில்லாமலே வயலுக்குப் போயிருக்கும். அதில் ஒரு பங்கு கடைசி மாதப் பாசனத்தில் போவதுதான் சிக்கல். அப்படிப்பட்ட கிணறு உள்ளவர்கள் மூட்டையைக் குறைத்துவிட்டு, கடைசிப் பாசனங்களை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க முடியும் என்பதைத்தான் முதலில் பேச வேண்டும்.